என் தேன்பெட்டிகளைத் தேடி வந்த தவக்கரடியும் சின்ன மெழுகுப்பூச்சியும்

2022, ஆவணி பிறந்த வாரம். ராத்திரி முழுக்கத் தூறல். விடிந்ததும் கொல்லைப் பக்கம் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டேன். பதினான்கு தேன்பெட்டிகளில் மூன்று குப்புறக் கிடந்தன. ஒன்றின் மேல்மூடி பத்தடி தள்ளி ராகிப் பயிருக்குள் விழுந்திருந்தது. மரச்சட்டங்கள் உருவப்பட்டு, அவற்றிலிருந்த தேனடைகள் சேற்றோடு மிதிபட்டுக் கிடந்தன. அவற்றின் மேல் தேனீக்கள் நனைந்த கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. கொட்டக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. அந்த இடத்தையே ஒரு காரமான நாற்றம் சூழ்ந்திருந்தது. பன்றி நாற்றம் எனக்குத் தெரியும், இது வேறு.

எங்கள் நிலம் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கம், காட்டை ஒட்டியது. யானை வரும், பன்றி வரும், கரடியும் வரும். அதனால் கரடி என்றே முடிவு கட்டிவிட்டேன். வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் பக்கத்து ஊர்த் தம்பி அந்த வழியாக வந்தவர், சேற்றில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா, இது கரடி இல்ல. கரடி காலு இதவிட எவ்ளோ பெருசு. இது மூணு விரல் அகலந்தான் இருக்கு. ஆனா நகத்தப் பாருங்க, எவ்ளோ முன்னால போய்க் குத்தியிருக்கு."

"அப்ப என்ன தம்பி இது?"

"தேன்வளைக்கரடியா இருக்கும். காட்டுலயே சுத்துற நான் ஒரே ஒரு தடவதான் கண்ணால பாத்திருக்கேன்."

காவிரிக்கு அக்கரையில் கர்நாடகக் காட்டில் அது கேமராவில் பதிவானதாக முன்பு படித்திருந்தேன். நம் கொல்லைக்கே வரும் என்று நினைத்ததில்லை. காட்டு விலங்கு ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி தன் கேமராவைக் கொண்டுவந்து புங்க மரத்தில் கட்டினாள். மூன்றாம் இரவில் படம் விழுந்தது. குட்டைக் கால், நீண்ட உடம்பு, காது இருப்பதே தெரியாத தலை. தலையிலிருந்து வால்வரை வெள்ளைப் போர்வை போர்த்தியது போல முதுகு, அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. அந்தப் படத்தை இன்றும் போனில் வைத்திருக்கிறேன். நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் அதைப் பார்த்தபோது மனசுக்குள் ஒரு பெருமையும் வந்தது.

பழைய இயற்கையியலாளர்கள் இதற்குத் தமிழில் 'தவக்கரடி' என்று பெயர் குறித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்துப்போய் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பெயரில் கரடி இருந்தாலும் இது கரடி இனம் இல்லை, நீர்நாய்க்கு உறவு. நன்கு வளர்ந்த கடுவன் 16 கிலோவரை இருக்கும், பெட்டை அதைவிடச் சிறிது. கழுத்துத் தோல் ஆறு மில்லிமீட்டர் தடிமன் வரும். அது உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பதால், எதிரி கடித்துப் பிடித்தாலும் தோலுக்குள்ளேயே திரும்பித் திருப்பிக் கடிக்கும். நாகப்பாம்பையும் தின்னும். பாம்பு நஞ்சு போய் ஒட்டவேண்டிய இடமே இதன் தசையில் மாறி அமைந்திருக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

தேனீக் கொடுக்கு இதை ஒன்றும் செய்யாது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. கொட்டு தாங்காமல் விலகிப் போகும், மறுபடி வரும், மறுபடி விலகும். கேமராவில் அந்த இரவு அது பெட்டிக்கும் வேலிக்கும் நடுவே ஆறு தடவை போய் வந்திருந்தது. ஆப்பிரிக்காவில் கூட்டுக்குள்ளேயே கொட்டுப்பட்டுச் செத்துக் கிடந்த தேன்வளைக்கரடிகளும் உண்டு.

அது தேடி வந்தது தேனை அல்ல, தேனீயின் புழுவை. தேன் நிறைந்த அடை ஓரமாக நசுங்கிக் கிடந்தது. புழுவும் கூட்டுப்புழுவும் இருந்த அடைகளைத்தான் முழுசாகக் காணோம். ஆவணி என்பது எங்கள் பக்கம் பூ குறைந்த மாதம். பெட்டியில் தேனே அதிகம் இல்லை. அப்படியும் வந்தது என்றால் அதற்கு வேண்டியது அந்த வெள்ளைப் புழுதான்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரியப்பா முறை ஆகும் ஒருவர் வெல்லத்தில் குருணை மருந்து கலந்து வைக்கச் சொன்னார். "வேணாம் பெரியப்பா, அத மட்டும் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் செய்திருக்க மாட்டேன். விஷம் வைத்த வெல்லத்தை முதலில் தின்பது யாருடைய நாயோ, கோழியோ, என் தேனீயோ. வைக்கிறவர்கள் அதை யோசிப்பதே இல்லை.

மாணவிதான் வழி சொன்னாள். தென்னாப்பிரிக்காவில் தேனீ வளர்ப்பவர்களுக்கும் இந்த விலங்குக்கும் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கீத் பெக், காலீன் பெக் என்ற கணவன் மனைவி 1990களின் பிற்பாதியில் கலகாரிப் பாலையில் இதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள். பெட்டியை ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் தாங்கியில் வைத்துக் கட்டிவிட்டால் அதனால் கவிழ்க்க முடியாது என்பது அங்கே கண்ட வழி. அப்படிக் காப்பாற்றிய தேனைத் தனி முத்திரையோடு விற்றிருக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது.

கெலமங்கலம் சந்தையில் பழைய இரும்புக் குழாய் வாங்கி, ஒற்றைக்கால் தாங்கி செய்யக் கொடுத்தேன். மரக்கால் கூடாது, மரத்தில் அது நகத்தை ஊன்றி ஏறிவிடும். வழவழப்பான குழாயில் பிடி கிடைக்காது. நாலடி உயரம், மேலே இரும்புத் தட்டு, பாதி உயரத்தில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம், பெட்டியையும் தட்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்ட லாரிக்காரர்கள் பயன்படுத்தும் நாடா. ஒரு தாங்கிக்கு இரண்டு நாள் ஆனது. பதினோரு பெட்டியும் மேலே ஏறும்வரை ராத்திரியில் டார்ச்சோடு காவல் இருந்தேன். தவக்கரடி இரண்டு முறை வந்து குழாயைச் சுரண்டிவிட்டுப் போனது, ஒரு பெட்டிகூட விழவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். ஒரு தப்பு இல்லை, இரண்டு.

கவிழ்ந்த மூன்று பெட்டிகளிலிருந்து தப்பிய அடைகளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. தேனீ ஓர் அடை கட்ட எவ்வளவு பாடுபடும் என்று தெரிந்தவர்களுக்கு அது புரியும். சேறு படாதவற்றைத் தேர்ந்தெடுத்துப் பாலிதீன் கவரில் சுற்றி, கொட்டகையில் அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். சித்திரையில் தேன் எடுத்த பழைய சட்டங்களும் அதே கொட்டகையில்தான் இருந்தன. கொட்டகைக்கும் பெட்டிகளுக்கும் இடையே முப்பதடி.

இரண்டாவது தப்பு தாங்கியின் உயரம். நாலடித் தாங்கி, அதன் மேல் புழு அறை, தேன் அறை, மூடி. என் உயரத்துக்குப் பெட்டியின் வாய் கண்ணுக்கு நேராக வந்தது. கையை உயர்த்திச் சட்டத்தை உருவி எடுப்பது பெரும்பாடு. முன்பு வாரம் ஒருமுறை திறந்து பார்த்தவள், "அடுத்த வாரம் யாராவது வந்தால் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டேன். ஏழு வாரம் அப்படியே போய்விட்டது.

ஐப்பசியில் பேயெள்ளு பூத்து, கொல்லைமேடே மஞ்சளாக இருந்தது. தேனீ குவிய வேண்டிய நேரம். நான்காவது பெட்டியின் வாசலில் நடமாட்டமே இல்லை. முக்காலி போட்டு ஏறித் திறந்தேன். உள்ளே தேனீ இல்லை. சட்டத்துக்குச் சட்டம் வெள்ளை நூலாம்படை, அதில் கடுகைவிடச் சிறிய கறுப்பு எச்சம். அடை பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெளிச்சம் பட்டதும் ஒரு சாம்பல் நிறப் பூச்சி விறுவிறுவென்று ஓடி இடுக்கில் ஒளிந்தது. பறக்கவில்லை, ஓடியது. உடம்பு ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், வெள்ளி மினுங்கும் சாம்பல் சிறகு, மஞ்சள் தலை. அதுதான் சின்ன மெழுகுப்பூச்சி. அன்று சாயங்காலத்துக்குள் பதினொன்றையும் திறந்தேன். ஐந்து பெட்டி போயிருந்தது. கொட்டகையில் அட்டைப் பெட்டியைத் திறந்தால் கவர் முழுக்கச் சல்லடை. புழுக்கள் பாலிதீனையே கடித்துத் துளைத்து வெளியே போயிருந்தன. இதன் பெரிய சகோதரியான பெரிய மெழுகுப்பூச்சியின் புழு பாலிதீனைச் சிதைக்கிறது என்று 2017இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதியதை உலகமே வியந்து பேசியது. நான் அதைக் கொட்டகையில் கண்கூடாகப் பார்த்தேன்.

தவக்கரடி எடுத்தது மூன்று பெட்டி. பூச்சி எடுத்தது ஐந்து. ஆனால் எண்ணிக்கையைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்பதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. தவக்கரடிக்குப் பயந்து நான் செய்த வேலைகளே பூச்சிக்கு வழி திறந்தன.

அப்புறம்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகினேன். ஒன்று பத்துப் பன்னிரண்டு கிலோ, மற்றொன்று ஊதினால் பறக்கும் எடை. இரண்டும் தேடி வருவது தேனீக் கூட்டை. அறிவியல் பெயரிலேயே தவக்கரடி 'தேன் தின்னி', மெல்லிவோரா. ஆனால் தேன்கூடு இல்லாமலும் அது பிழைத்துக்கொள்ளும். எலி, பல்லி, பாம்பு, தேள், கிழங்கு என்று எதையும் தின்னும், ஓர் இரவில் பல கிலோமீட்டர் நடக்கும். ஒரு கூடு கிடைக்காவிட்டால் அடுத்த இடம் போகும். சின்ன மெழுகுப்பூச்சிக்கு அந்த வசதி இல்லை. வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. ஒரு வாரம் போல இருக்கும், இணை சேரும், முட்டையிடும், செத்துப்போகும். தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். அதற்கும் வெறும் மெழுகு போதாது. புதிதாகக் கட்டிய வெள்ளை அடையில் அது சரியாக வளராது. தேனீப் புழுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, உரித்த தோலும் மகரந்தமும் படிந்து கறுத்த அடைதான் வேண்டும். ஒரு பெண் பூச்சி 250, 300 முட்டை வைக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஆறேழு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். நான் பெட்டியைத் திறக்காமல் விட்டது ஏழு வாரம்.

தவக்கரடி வந்தால் தெரியும். நாற்றம், கீறல், கவிழ்ந்த பெட்டி எல்லாம் அது வந்ததைச் சொல்லிவிடும். இந்தப் பூச்சியும் சத்தம் போடுகிறது, நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆண் பூச்சி கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறகை அடித்து, 70 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலான ஒலியில் ராத்திரியெல்லாம் பெண்ணைக் கூப்பிடும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வௌவால் வரும் ஒலி கேட்டால் அது சட்டென்று அடங்கிவிடும். டார்ச்சும் கையுமாக நான் தவக்கரடிக்குக் காவல் இருந்த அதே ராத்திரிகளில், என் தலைக்கு மேலேயே அந்த அழைப்பு நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

மார்த்தாண்டத்தில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவரிடம் கேட்டது ஞாபகம் வந்தது. 1991, 92இல் 'தாய் சாக்புரூட்' என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் தென்னிந்தியாவில் நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்களை அழித்தபோது அவர் நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருந்தவர். "பூச்சி வந்துதான் கூடு செத்துன்னு நாங்க மொதல்ல நெனச்சோம் மக்ளே. கூடு செத்த பொறவுதான் பூச்சி வந்து" என்றார். பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தும், அது எனக்கு உறைத்தது ஐந்து பெட்டியை இழந்த பிறகுதான். பலமுள்ள கூட்டில் இந்தப் பூச்சி முட்டை வைத்தாலும் தேனீக்கள் புழுவைக் கவ்வி வெளியே எறிந்துவிடும். மழைக்காலப் பஞ்சத்தில் தேனீ குறைந்து, அடைக்குக் காவல் இல்லாமல் போகும்போதுதான் பூச்சி வேரூன்றும். நம் அடுக்குத் தேனீயோ ரோஷக்காரி. இத்தாலியத் தேனீ மாதிரி பொறுத்துப் போகாமல், பூச்சி மிஞ்சினால் கூட்டையே விட்டுக் கிளம்பிவிடும்.

காட்டில் இந்த இரண்டின் வேலையும் வேறு மாதிரி. அடுக்குத் தேனீ மரப்பொந்திலும் கரையான் புற்றிலும் கூடு கட்டும். தவக்கரடி பொந்தின் வாயை நகத்தால் கிழித்துப் பெரிதாக்கிவிட்டால் மழை உள்ளே இறங்கும். அதன்பிறகு அந்தப் பொந்து தேனீக்கு உதவுவது கஷ்டம். ஆனால் தேனீ விட்டுப்போன பொந்தில் மெழுகுப்பூச்சி புகுந்து பழைய அடை முழுவதையும், அதிலிருக்கும் நோய்க் கிருமியோடு சேர்த்துத் தின்று பொடியாக்கிவிடும். அடுத்த கூட்டம் வரும்போது பொந்து காலியாக, புதிதாக அடை கட்டத் தோதாக இருக்கும். காட்டுத் தேனீக்கு இது துப்புரவுக்காரி. நான் பழைய அடைகளைச் சேர்த்து வைத்ததால் எனக்கு எதிரியானாள். இதைப் புரிந்துகொண்ட பிறகு பூச்சி மேல் இருந்த கோபம் போய்விட்டது, வேலை மட்டும் மிச்சம் இருந்தது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். என்னைப் போல் காட்டோரத்தில் பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

தாங்கியை மூன்றே கால் அடிக்கு வெட்டிக் குறைத்தேன். ஒரு மீட்டர் இருந்தால் தவக்கரடிக்கு எட்டவில்லை, நாடாதான் முக்கியம். பெட்டியைத் திறக்க உயரம் குறைந்த மர முக்காலி ஒன்று வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன், அங்கேயே விட்டால் அதுவே தவக்கரடிக்குப் படியாகிவிடும். பெட்டிக்கு மேலே கிளை நீட்டியிருந்த இடங்களிலும் கழித்துவிட்டேன்.

பூச்சிக்கு ஒருமுறை செய்து முடிக்கும் வேலை கிடையாது. வாரம் ஒருநாள், எங்களுக்கு அது வியாழன், அடிப்பலகையை இழுத்துத் துடைக்கிறேன். சின்ன மெழுகுப்பூச்சியின் புழு முதலில் அந்தக் குப்பையில்தான் வளரும். கறுப்பு எச்சமும் மெல்லிய நூலும் அங்கேதான் முதலில் தெரியும். மூடியிருக்க வேண்டிய கூட்டுப்புழு அறைகள் ஒரே கோடாகத் திறந்து, உள்ளே வெள்ளைத் தலை தெரிந்தால், அடியில் புழு சுரங்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நூல் தெரியும், ஊசியால் எடுத்துவிடலாம். மழைமாதங்களில் வாசலைத் தேனீக்கள் இரண்டு மூன்று சேர்ந்து நுழையும் அளவுக்குச் சுருக்குகிறேன். தேனீ மூடாமல் காலியாக நிற்கும் சட்டங்களை எடுத்துவிடுகிறேன். கூடு சின்னதாக இருந்தால் இடமும் சின்னதாக இருக்கவேண்டும். சர்க்கரைப் பாகு ஆடியிலேயே கொடுக்கத் தொடங்குகிறேன், தேனீ குறைந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. கறுத்த அடைகளை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து உருக்கிவிடுகிறேன். சேர்த்து வைப்பதில்லை.

நல்ல அடை மிஞ்சினால் குளிரில் வைக்கிறேன். மைனஸ் 7 டிகிரியில் நாலரை மணி நேரம், மைனஸ் 15இல் இரண்டு மணி நேரம் இருந்தால் முட்டை முதல் பூச்சிவரை எல்லாம் செத்துவிடும். நான் வைத்திருக்கும் 'நியூட்டன்' வகைத் தேன்பெட்டியின் சட்டம் சின்னது, வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையிலேயே நான்கு நிற்கும். மின்சாரம் போய்ப் போய் வருவதால் நான் ஓர் இரவு முழுக்க வைத்துவிடுவேன். பிறகு ஈரம் காயவிட்டு, இறுக்கமாக மூடும் தகர டின்னில் போடுகிறேன். பாலிதீன் கவரை நான் நம்புவதில்லை. ரசகற்பூர உருண்டை போடச் சொல்வார்கள், தயவுசெய்து போடாதீர்கள். அந்த வாடை மெழுகில் ஊறி, அப்புறம் தேனிலும் இறங்கும். நம் பிள்ளைகள் சாப்பிடுகிற தேன்.

அந்த ஆண்டு நவம்பரில் எங்களைச் சுற்றியுள்ள காடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 686 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி டீக்கடையில் அதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். தவக்கரடி நடமாடும் காட்டில் பொந்து இருக்கும், பொந்தில் அடுக்குத் தேனீ இருக்கும். என் ஆறு பெட்டிகளை மறுபடி பன்னிரண்டாக்கியது அந்தக் காட்டிலிருந்து வந்து இறங்கிய கூட்டங்கள்தான்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பேயெள்ளுப் பூவுக்குள் நின்று ஏழாம் பெட்டியின் அடிப்பலகையை உருவினேன். குழாயின் அடியில் ஈரமண்ணில் மூன்று விரல் அகலத் தடம், முன்னால் நீளமாக ஐந்து நகக்குத்து. எட்டாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. பலகையின் மூலையில் இரண்டு வெள்ளைப் புழு நூலுக்குள் சுருண்டிருந்தன. துடைத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, முக்காலியை எட்டாம் பெட்டிக்கு நகர்த்தினேன்.